வாசல் பானையில் நல்ல தண்ணீர்

அந்த வாளித் தண்ணீரை ஊற்றியது நான்தான். எங்கள் காலனியில் இன்றைக்கும் பேச்சு வந்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். திட்டம் போட்டு ஊற்றினாள் என்கிறார்கள் சிலர். கை தவறிக் கொட்டிவிட்டது என்கிறார்கள் சிலர். இரண்டும் பொய். கோபத்தில் ஊற்றினேன், சந்தோஷத்திலும் ஊற்றினேன். இரண்டும் ஒன்றாக வராது என்று நினைக்கிறவர்கள் திஞ்சானில் நனைந்ததில்லை.

திஞ்சான் என்பது பர்மாவில் வருஷப் பிறப்பை ஒட்டி வரும் தண்ணீர்த் திருவிழா. இங்கே சித்திரை பிறக்கிற அதே நாட்கள்தான். மூன்று நாள், நான்கு நாள், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோர் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். பழைய வருஷத்து அழுக்கு அதோடு போய்விடும். ஊற்றினவர் மேல் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் சட்டம்.

நாங்கள் பெகு பக்கம் ஒரு கிராமத்தில் நெல் விதைத்தவர்கள். அப்பாவின் அப்பா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனார்களாம். அறுபதுகளின் நடுவில் எங்களைத் திருப்பிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நிலம் போச்சு, மாடு போச்சு, அம்மா காதில் இருந்தது ரங்கூன் துறைமுகத்தில் போச்சு. இதை உருக்கமாக எழுத எனக்கு வராது. பிடுங்கினவர்கள் பிடுங்கினார்கள், நாங்கள் வந்து சேர்ந்தோம். கொஞ்ச நாள் முகாமில் வைத்திருந்துவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காட்டுப் பக்கம் போகிற ரோட்டோரம் நாற்பது வீடு கட்டி, ஆளுக்குக் கொஞ்சம் நிலத்தையும் அளந்து கொடுத்து, இங்கே விவசாயம் பண்ணுங்கள் என்று விட்டார்கள்.

நடுவில் ஒரு கிணறும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பார்க்க அழகான கிணறு. சிமெண்டுச் சுவர், இரும்பு ராட்டினம், எல்லாம் உண்டு. தண்ணீர்தான் உப்பு. சோப்பு போட்டால் நுரை வராது. பருப்பு வேகாது. பால் ஊற்றினால் திரிந்து போகும். தலைக்குக் குளித்தால் தேங்காய் நார் மாதிரி நிற்கும். பெகு பக்கம் மழைக்காலத்தில் வீட்டுக்கு அடியிலேயே தண்ணீர் ஓடும், படியில் உட்கார்ந்து கால் கழுவுவோம். அப்படி இருந்தவர்களைக் கொண்டுவந்து இந்தக் கிணற்றடியில் விட்டவனுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மேற்கே ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிணறு. அந்த வீட்டு அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி எங்களை எண்ணிக்கொண்டிருப்பாள். ஆளுக்கு இரண்டு டின். அதற்கு மேல் கயிற்றைத் தொட்டால் கத்துவாள். நாங்கள் பர்மா வழக்கப்படி தோளில் மூங்கில் கழியை வைத்து, இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தூக்குவோம். இங்கே பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கிறவர்கள். எங்களைப் பார்த்து அந்த ஊரே சிரித்தது.

"இன்னா பர்மாக்காரி, காவடி எடுத்துக்கினு கெளம்பிட்டியா? எந்த முருகனுக்கு?" என்பாள் அந்த அம்மா.

"உங்க கிணத்து முருகனுக்குத்தான்."

"உங்க நைனா லுங்கிய வேற கட்டிக்கினு வந்துகீற."

"இது பொம்பளைங்க கட்டுற லுங்கிம்மா."

"ஆம்பளைக்கும் லுங்கி, பொம்பளைக்கும் லுங்கி. கொடில காயப் போட்டா எது யாருதுன்னு எப்டிடி கண்டுபிடிப்பீங்க? மூஞ்சில இன்னாது, சுண்ணாம்பா?"

"தனாக்கா. மரக்கட்டைய உரசிப் பூசுறது. வெயிலுக்குக் குளிர்ச்சி."

"எங்க ஊட்டு எருமகூட வெயிலுக்குச் சேறு பூசிக்கினு நிக்குது."

"அதுக்கு அறிவு இருக்குது."

அந்த அம்மா சிரித்ததில் மடியில் இருந்த கடலை முழுக்கக் கொட்டிப்போனது. திட்டிக்கொண்டே பொறுக்கினாள். அன்றைக்கு எனக்கு மூன்றாவது டின் கிடைத்தது.

இப்படித் தோல் உரியத் தூக்கி வந்த தண்ணீரை என்ன செய்தோம் என்று கேளுங்கள். பாதியைச் சோற்றுக்கும் டீக்கும் வைத்தோம். மீதியைக் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தோம். பைத்தியம் என்றால் நாங்கள்தான். பர்மாவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மரத்தில் ஒரு சின்னப் பரண் கட்டி, அதன் மேல் தண்ணீர்ப் பானை வைத்து, மூடி போட்டு, ஒரு குவளையும் வைத்திருப்பார்கள். வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் குடிக்கலாம். கேட்க வேண்டியதில்லை. அந்தப் பானை காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குக் கேவலம். வீட்டு ஆள் அதில் கை வைத்தால் அதைவிடக் கேவலம்.

கப்பலில் கொண்டுவர முடிந்தது இந்த மாதிரி விஷயங்கள்தான். துறைமுகத்தில் இதை யாரும் சோதனை போட்டுப் பிடுங்கவில்லை. அதனால் நாற்பது வீட்டு வாசலிலும் நாற்பது பானை. நாற்பதிலும் நல்ல தண்ணீர். பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் பாய் எங்கள் பானையில்தான் குடிப்பார். "மாஷா அல்லா, இளநி மாதிரி இருக்குதும்மா" என்பார். உள்ளே நான் உப்புத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருப்பேன்.

புதுக் கிணறு வேண்டும் என்று மனு எழுதிப் போட்டோம். எழுதியது எங்கள் தஜி. பர்மாவில் ஊர்த் தலைவருக்குத் தஜி என்று பெயர். இங்கே வந்த பிறகு அவருக்கு ஆளுவதற்கு ஊரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் தஜி என்றுதான் கூப்பிட்டோம். தலையில் ரோஸ் கலரில் பட்டுத் துணி கட்டி, வாயில் ஒரு முழச் சுருட்டோடு இருப்பார். ஏழெட்டு மனுவுக்குப் பிறகு ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார்.

நல்ல வெயில். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது எங்கள் வாசல் பானை. மொண்டு குடித்தார். இன்னொரு குவளை மொண்டு குடித்தார். அம்மா ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள், அதுவும் நல்ல தண்ணீர் டீ. எல்லாம் முடிந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. மேற்படி காலனியில் குடிநீர் சுவையாகவும் போதுமானதாகவும் இருப்பது நேரில் கண்டறியப்பட்டதால் புதிய கிணறு தேவையில்லை.

தஜி அதைச் சத்தமாக வாசித்தார். சுவையாகவும் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அம்மா என்னைக் கிள்ளினாள். அப்புறம் அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"வந்த ஆபீசருக்குக் கிணத்துத் தண்ணிய ஒரு டம்ளர் கொடுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்ல?" என்றேன்.

"வீட்டுக்கு வந்த மனுசனுக்கு உப்புத் தண்ணியா கொடுப்பாங்க?" என்றாள் அம்மா.

"நாம குடிக்கிறோமே."

"நாம வந்தவங்களா? நாம வீட்டுக்காரங்க."

அந்தக் கோடையில் ஒவ்வொரு வீடாகக் காலியாக ஆரம்பித்தது. மெட்ராஸில் பீச் ரோடு பக்கம் அத்தோக் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். அத்தோ என்றால் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளி, பொரித்த வெங்காயம் போட்டுக் கையால் பிசைகிற பர்மாச் சாப்பாடு. நன்றாகத்தான் இருக்கும். அதற்காக விதைக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் நின்று பிசைய வேண்டுமா? அண்ணன் அப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே கம்பெனிகளுக்குக் கம்பி வேலி போடுகிற சமயம். அவன் கையில் காசைப் பார்த்தவன். "கிணறு வரலன்னா ஆடியில நாமளும் கிளம்புறோம்" என்று சொல்லிவிட்டான். அப்பா வரப்பில் நட்டிருந்த நாலு தென்னங்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு இன்னொரு தடவை மூட்டை கட்ட இஷ்டமில்லை. ஒரு தடவை கப்பலேற்றினார்களே, அது போதும்.

தஜி விடாமல் மேலிடத்துக்கு எழுதினார். மறுபரிசீலனை என்று பதில் வந்தது. அதே ஆபீசர், இன்னொரு தடவை நேரில் வருவார். தேதி சித்திரை இரண்டு.

திஞ்சான்.

முந்தின நாள் சாயந்திரம் தஜி எல்லோரையும் கூட்டினார். சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். அவர் சுருட்டை எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நாளைக்கு ஜீப்பு போற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி யார் மேலயும் படக்கூடாது. வாசப் பானை அத்தனையும் கவுத்து வைக்கணும். டீ கிடையாது. அவரு தண்ணி கேட்டா கிணத்துத் தண்ணி."

"கேவலம் தஜி" என்றது ஒரு குரல். அது என் அம்மா.

"ஒரு நாள் கேவலப்பட்டா பரவால்ல."

எல்லோரும் தலையை ஆட்டினோம்.

காலையில், ஆள் போன வீடுகளுடையதும் சேர்த்து, நாற்பது பானையும் கவிழ்ந்திருந்தன. ரோட்டில் நின்று பார்த்தால் மொட்டைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளையும் பெண்களையும் வீட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தோம். அதுதான் முதல் தப்பு. இரண்டு நாளாக நனைந்து ஊறிப்போன இருபது பேரை, கையில் நிரம்பிய வாளியோடு, சத்தம் போடாதே என்று ஒரு சந்தில் நிற்க வைத்தால் என்ன ஆகும்? பர்மாவில் திஞ்சானுக்குச் சூடுகிற மஞ்சள் படாக் பூ எங்களிடம் இல்லை, அதற்குப் பதிலாகச் சரக்கொன்றையைத் தலையில் சொருகியிருந்தோம். யாராவது மூச்சு விட்டால் பூ உதிரும். பூ உதிர்ந்தால் ஒருத்தி சிரிப்பாள். அவள் சிரிப்பை அடக்க இன்னொருத்தி அவள் வாயைப் பொத்துவாள், பொத்தினவள் சிரிப்பாள். எனக்கு வயது பதினெட்டு. இவர்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. என் கையிலும் வாளி இருந்தது. எதற்கு இருந்தது என்று கேட்காதீர்கள்.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார். திருவள்ளூர்க்காரர், நெற்றியில் சிவப்பாக ஒற்றைக் கோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கூடவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவருடைய ஆபீஸ் சேவகர், ஒரு டவாலி. டிரைவர் இறங்காமல் பீடி பற்ற வைத்தார். தஜி கும்பிட்டு, "கிணத்தப் பாருங்கய்யா" என்று கையைக் காட்டினார்.

"பார்க்கறேன், பார்க்கறேன். முதல்ல கொஞ்சம் தாகத்துக்கு" என்றார் ஆபீசர். சொல்லிக்கொண்டே நேராக எங்கள் வாசலுக்கு நடந்தார்.

எங்கள் பானை நிமிர்ந்திருந்தது.

நான் சந்தில் இருந்து எட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்பது பானை கவிழ்ந்திருக்க, எங்களுடையது மட்டும் மூடியோடு, குவளையோடு, ஈரம் பூத்து நின்றது. கவிழ்ந்த பானையைக் காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அம்மாவால் முடியவில்லை. வீட்டில் இருந்த கடைசி நல்ல தண்ணீரை யாருக்கும் தெரியாமல் ஊற்றி நிரப்பியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் அவள் சேலைத் தலைப்பு தெரிந்தது. ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஆபீசர் குவளையை மொண்டார். எனக்கு அந்தத் தபால் ஞாபகம் வந்தது. சுவையாகவும் போதுமானதாகவும். அவர் குவளையைத் தூக்கினார், அண்ணாந்தார், வாயைத் திறந்தார்.

நான் ஓடினேன். ஓடும்போது சிரித்துக்கொண்டுதான் ஓடினேன், அது எனக்கே கேட்டது. வாளி முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். அத்தனையும் முகத்துக்கு நேராகப் போனது. பாதி அவர் வாய்க்குள் போயிருக்கும்.

குவளை கீழே விழுந்து உருண்டது. ஆபீசரின் நெற்றிக் கோடு கரைந்து மூக்கின் மேல் இறங்கியது. அவர் துப்பினார். இன்னொரு தடவை துப்பினார். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கடல் தண்ணியா?"

"எங்க கிணத்துத் தண்ணி" என்றேன். "சுவையா இருக்குதா?"

பின்னால் சந்தில் ஒருத்திக்கு அடக்கினது உடைந்தது. அவ்வளவுதான். இருபது பேரும் வெளியே கொட்டினார்கள். திஞ்சானில் முதல் வாளி விழுந்துவிட்டால் இரண்டாவதை ஆண்டவனாலும் தடுக்க முடியாது. டவாலி ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "நான் கவர்மெண்டு ஆளு, நான் கவர்மெண்டு ஆளு" என்று ஜீப்பைச் சுற்றி ஓடினார். அவருக்கு ஐந்து வாளி விழுந்தது. டிரைவர் பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு தானே இறங்கி வந்தார்.

"எனக்கு முதுவுல ஊத்துமா. காலைலேர்ந்து இஞ்சினு சூடு, பேஜாரா கீது."

தஜிக்கு உயிரே போய்விட்டது. இப்படி ஒரு நிலைமையில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, நாவல் இலைக் கொத்தை அதில் முக்கிக்கொண்டு வந்து, சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஆபீசரின் கையில் மெதுவாகத் தெளித்தார். பர்மாவில் பெரியவர்களிடம் வருஷம் முழுக்கச் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற முறை அது. சொட்டச் சொட்ட நனைந்த மனுஷனுக்கு மேலும் பத்துச் சொட்டு. ஆபீசர் அவரையும் கொத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் அந்தக் கிணத்துத் தண்ணிதானா?"

"ஆமாங்கய்யா."

"அப்போ போன தடவை நான் குடிச்சது?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"அது வழிப்போக்கருக்கு வச்சதுங்க. ஒன்றரை மைலு தள்ளிப் போயித் தூக்கியாரது."

"நீங்க எதைக் குடிக்கிறீங்க?"

"எங்களுக்கு என்னங்க, இதேதான்."

ஆபீசர் பரண் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். சட்டையைப் பிழிந்தார். "வாசல்ல நல்ல தண்ணிய வச்சுட்டு உள்ள உப்புத் தண்ணி குடிக்கறவாளைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?" என்று அம்மாவைக் கேட்டார். நிஜமாகவே கேட்டார், பதில் வேண்டும் என்று.

அம்மா யோசித்தாள். "டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.

தஜி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீசர் சிரிக்க ஆரம்பித்தார். ஓசையில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். அப்புறம் எழுந்து போய்க் கிணற்றில் தானே ஒரு வாளி இறைத்தார். ஒரு வாய் குடித்தார், இப்போது நிதானமாக. முகம் கோணியது. டவாலியைக் கூப்பிட்டு ஃபைலைக் கேட்டார். ஃபைலிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆபீசில் போய் எழுதுகிறேன் என்றார்.

எழுதினார். அதற்காக உடனே கிணறு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த மழையும் போய் மார்கழியில்தான் ஆட்கள் வந்தார்கள். அதுவரை நான் டின் தூக்கினேன். ஆடியில் கிளம்புவதாகச் சொன்ன அண்ணனை அப்பா, "ஆபீசர் துப்பினத நீ பாத்தல்ல? எழுதாம இருக்க மாட்டாரு" என்றே நிறுத்தி வைத்தார். ஆழமாகத் துளை போட்டு, அடிக்கிற பம்பு வைத்தார்கள். முதல் தண்ணீர் சேறாக வந்தது, அப்புறம் தெளிந்தது. இனிப்பு. பால் திரியவில்லை, பருப்பு வெந்தது. அம்மா முதல் குடத்தைக் கொண்டுபோய் வாசல் பானையில் ஊற்றினாள். நான் ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி, யாரோ வழிப்போக்கர் மாதிரி வந்து, அந்தப் பானையில் இரண்டு குவளை குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது குவளைக்குத்தான் அடித்தாள்.

அடுத்த சித்திரையில் தஜி புதுச் சட்டம் போட்டார். பம்புத் தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது, திஞ்சானுக்கு உப்புக் கிணறுதான். அதனால் எங்கள் ஊர் திஞ்சானில் வாயை மூடிக்கொண்டுதான் நனைய வேண்டும். சிரிப்பவர்கள் அனுபவிப்பார்கள். மேற்கே நல்ல தண்ணீர்க் கிணற்று வீட்டு அம்மா அன்றைக்கு ஒன்றரை மைல் நடந்து வந்தாள், கிழிந்த சேலையைக் கட்டிக்கொண்டு.

"இன்னாடி பர்மாக்காரி, ஆபீசருக்கு மட்டுந்தான் ஊத்துவியா? வெயிலு கொளுத்துது, ஊத்துடி."

ஊற்றினேன். வாயை மூடச் சொல்ல மறந்துவிட்டேன், அல்லது சொல்லவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுப் பேச்சான தெலுங்குதான் வரும்; அவள் திட்டினது எனக்குப் புரியவில்லை, தரமானது என்று மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. அதே ஆபீசர், பம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தாராம். பம்பைப் பார்க்க வருஷத்தில் வேறு நாளே கிடைக்கவில்லை போல. டிரைவர் சட்டையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டுத் தயாராக இருந்தார். டவாலி கையில் ஃபைல் இல்லை. ஆபீசர் இறங்கினார். பழைய சட்டை. எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்று, என்னைப் பார்த்தார். உதட்டை உள்ளே மடித்து வாயை இறுக்க மூடியிருந்தார்.

நான் வாளியை எடுத்தேன்.